பிரெக்சிட் மட்டும் காரணமல்ல

ஒரே பதிவில் பல ஐரோப்பிய நாடுகளில் செல்லும் ஐரோப்பிய ஒருங்கிணைந்த காப்புரிமை 2023 வரை தள்ளிப்போனதற்கு பிரெக்சிட் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறியது) ஒன்றே காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. அது சரியல்ல. வெளியேறுவதென முடிவான 2016 வாக்கெடுப்புக்குப் பிறகும் பிரிட்டன், இந்தக் காப்புரிமை நடைமுறைக்கு வரத் தேவையான பொதுக் காப்புரிமை நீதிமன்றத்தை அமைக்கும் ஒப்பந்தத்துக்கு 2018 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. 2020 ஜூலையில்தான் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகியது. பெரிய முட்டுக்கட்டை ஜெர்மனியில் விழுந்தது. 2017 மார்ச்சில் கீழவையில் ஒப்புதல் சட்டம் நிறைவேறியபோது அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் ஏறத்தாழ 35 பேர்! ஒருவர்கூட எதிர்க்கவில்லை, ஆனால் தேவைப்பட்டதோ மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு. அந்தக் குறைக்காகவே அரசியலமைப்பு நீதிமன்றம் 2020இல் அச்சட்டம் செல்லாது என்றது. மறுபடியும் வாக்கெடுப்பு நடத்தவேண்டி வந்தது. தொடக்கத்தை 2023 ஏப்ரலிலிருந்து ஜூன் 1க்குத் தள்ளிய கடைசி இரண்டு மாதமோ, வழக்கறிஞர்கள் அந்தப் புதிய காப்புரிமை நீதிமன்றத்தின் இணைய அமைப்புக்குள் நுழைய வேண்டிய மின்னணு அடையாளச் சான்றைப் பெறக் கொடுத்த அவகாசம்.