வேலை நின்றால் வாரியம் மாதப் பணம் தருமா?

"மனை வியாபாரம் படுத்துவிட்டது, அட்டை வைத்திருக்கும் கொத்தனார், சித்தாள்களுக்கு நலவாரியம் மாதாமாதம் பணம் போடும்" என்று பாளையங்கோட்டை, மேலப்பாளையம் வட்டாரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பொய்.

1994இல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் வேலையில்லா நாள்களுக்கு மாதப்படி கிடையாது. விபத்து, திருமணம், மகப்பேறு, பிள்ளைகள் படிப்பு ஆகியவற்றுக்கு உதவியும், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியமும் உண்டு. வாரியத்துக்கு வரும் பணமே கட்டடச் செலவில் 1 சதவீதமாக வசூலாகும் தொகைதான். வீடு கட்டுவது குறைந்தால் அந்த வரவும் குறையும். வதந்தியைக் கிளப்பியவர் இதை யோசிக்கவில்லை போலும்!

மந்தம் வந்தால் நாள்கூலிச் சித்தாளுக்குத்தான் முதல் அடி. பிறகு செங்கல் சூளை, டைல்ஸ், பெயின்ட் வேலைக்காரர்கள். இதில் 'பணம் வாங்கித் தருகிறேன்' என்று கமிஷன் கேட்கும் தரகரிடம் ஏமாறாதீர்கள்.