கடைசி டைவும் விமானமும்: ஒரு திருத்தம்

கரீபியன் கடலிலுள்ள பொனேர் தீவில் ‘கடைசி நாள் காலையில் பத்து மீட்டருக்குள் ஒரு டைவ் (காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்துவது) அடித்துவிட்டு மாலை விமானம் பிடிக்கலாம், நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டி நைட்ரஜன் குறைத்த சுவாசக் காற்று) என்றால் கவலையே இல்லை’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படித் திட்டம் போடாதீர்கள்.

டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை இது: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், தொடர்ந்து பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் 18 மணி நேரம் கழித்தே விமானம். டிகம்ப்ரஷன் நிறுத்தம் (உடலில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற, மேலே வரும் வழியில் நின்று காத்திருப்பது) தேவைப்பட்ட டைவ் என்றால் இன்னும் அதிகம். பொனேருக்குப் போகிறவர் ஒரே டைவோடு நிறுத்துவாரா என்ன? கரையிலிருந்தே இறங்கலாம் என்பதால் தினமும் இரண்டு மூன்று ஆகிவிடும். ஆக உங்கள் கணக்கு 18-தான். விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 8,000 அடி மலையில் இருப்பது போலக் குறையலாம். டைவில் சுவாசித்து உடலில் தங்கிய நைட்ரஜன் அப்போது குமிழியாகலாம்; அதுதான் ஆபத்து. நைட்ராக்ஸ் அந்த நைட்ரஜனைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் அதற்காகக் காத்திருப்பு நேரத்தைச் சுருக்கச் சொல்லி அந்தப் பரிந்துரையில் எதுவும் இல்லை.

கடைசி நாளை வீணாக்க வேண்டாம். நீர்மட்டத்தில் மூச்சுக்குழாயோடு மிதந்து ஸ்நார்க்கெல் செய்யலாம், அல்லது தெற்கே உப்பளப் பக்கம் பூநாரைகளைப் பார்க்கலாம்.

அப்புறம், கையுறை எடுத்துப் போகாதீர்கள். அங்குள்ள கடல் பூங்காவில் டைவர்களுக்கு அதற்குத் தடை.