உங்கள் வீட்டு எலிவேஷனில் எந்த ஊர் வெயில்?

போன மாதம் அழகாபுரத்திலிருந்து ஒரு அண்ணனும் அண்ணியும் ஏ3 பிரிண்ட் ஒன்றோடு வந்தார்கள். வேறோர் இடத்தில் போட்டு வாங்கிய எலிவேஷன், அதாவது வீட்டின் முகப்புப் படம். "படம் நல்லாத்தான் இருக்குது தம்பி. கட்டுனா இப்படியே வருமான்னு மட்டும் சொல்லுங்க" என்றார் அண்ணன்.

படம் பளபளவென்று இருந்தது. நீல வானம், மழையில் நனைந்த மாதிரி ரோடு, வாசலில் வெள்ளைக் கார். மேற்குப் பார்த்த வீடு. ஆனால் ஜன்னல் முழுக்கக் குளுகுளுவென்று நிழல். சேலத்தில் மேற்குச் சுவருக்கு அப்படியொரு சாயங்காலம் எங்கே கிடைக்கும்?

வீட்டைக் கம்ப்யூட்டரில் 3டி மாடலாக வரையும் ஸ்கெட்ச்அப் மென்பொருள் பழகியவர்களுக்குத் தெரியும். நான் பழகிய பதிப்புகளில், புது ஃபைலில் நாம் ஊரைச் சொல்லாதவரை அது வீட்டை அமெரிக்காவின் போல்டர் நகரத்தில் நிறுத்திவிடும். 2000-ல் அதை வெளியிட்ட கம்பெனியின் ஊர் அது. பிறகு 2006-ல் கூகுள் வாங்கியது, 2012-ல் ட்ரிம்பிள் வாங்கியது. போல்டர் பூமத்திய ரேகைக்கு 40 டிகிரி வடக்கில் இருக்கிறது, சேலம் 11.65-ல். டிசம்பர் 21 உச்சிப்பொழுதில் அங்கே பத்தடிச் சுவரின் நிழல் இருபதடி நீளும், இங்கே ஏழடிதான். நமக்கு ஏப்ரல் 21 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதிலிருந்து ஆகஸ்ட் 22 வாக்கு வரை மத்தியான வெயில் வடக்கிலிருந்து விழும். போல்டரில் அது நடக்கவே நடக்காது. நீளமான நிழல் படத்துக்கு அழகுதான். ஆனால் அது இன்னொருவர் ஊர் நிழல்.

சரி என்று அவர்கள் முன்னாலேயே சுவரையும் ஜன்னலையும் மட்டும் வரைந்து, இடத்தைச் சேலம் என்று வைத்தேன். தேதி மே 15. நேரத்தை மெதுவாக நகர்த்தினேன். இரண்டு மணி தாண்டியதும் ஜன்னலில் சன்ஷேடின் நிழல் மேலே ஏறத் தொடங்கியது. நான்கு மணிக்கு, இரண்டடி சன்ஷேடு அந்த நான்கடி ஜன்னலில் ஒன்றரை அடிகூட மறைக்கவில்லை. கீழே முழுக்க வெயில். அண்ணி திரையில் விரலை வைத்து, "இங்கதான் எங்க மாமியா கட்டில் போடறது" என்றார்.

எனக்கு இதில்தான் ஆதங்கம். படம் அழகாக இருக்க வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை. ஆயுசு முழுக்கச் சேர்த்த காசில் கட்டுகிறவருக்கு அந்த ஷீட்டைப் பார்த்ததும் மனசு நிறைய வேண்டும். அதற்கு, மாடலை நிஜப் போட்டோ மாதிரி ஆக்கும் லுமியான் மென்பொருளின் பளபளப்பு மட்டுமே வழி இல்லை. கேமராவை ஆள் நிற்கும் உயரத்தில், ஐந்தடி சொச்சத்தில் வையுங்கள். டூ பாயிண்ட் பெர்ஸ்பெக்டிவ் போடுங்கள், சுவர்கள் சாயாமல் நிற்கும். கோடுகளை மெலிதாக்குங்கள். எல்லாம் வெள்ளையாக இருக்கட்டும், ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் அதன் நிறம். நம்ம ஊர் வெயில் சரியாக விழுந்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஏற்காட்டுக் காட்டேஜ் படங்களில் இன்னொரு கொடுமை: சுற்றிலும் பைன் மரங்கள். அந்தக் காப்பித் தோட்டத்தில் நிற்பது சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி. மனையில் நின்று ஒரு போட்டோ எடுத்து, ஸ்கெட்ச்அப்பின் மேட்ச் போட்டோ வசதியில் மாடலை அதோடு பொருத்தினால் போதும். உண்மையான மரமும் பனிமூட்டமும் தானாக வந்து உட்காரும். அப்புறம் எந்த மரத்தை வெட்டாமல் வீட்டை நகர்த்தலாம் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். ஒருமுறை அப்படித்தான் படிக்கட்டை இடது பக்கம் மாற்றி இரண்டு மரங்களைக் காப்பாற்றினோம்.

அழகாபுரத்து வீட்டுக்கு ஜன்னலை வடக்குச் சுவருக்கு மாற்றி, மேற்கில் செங்கல் ஜாலி (துளை விட்டுக் கட்டும் சுவர்) வைத்துப் புதுப் படம் கொடுத்தேன். மூலையில் 'மே 15, மாலை 4 மணி, சேலம்' என்று எழுதினேன். அண்ணி கிளம்பும்போது, "டிசம்பருக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க தம்பி" என்றார். இன்று ராத்திரி அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.