அந்த 40 செகண்டுக்கு மட்டும் பதில் சொல்றேன்

நாலு நாளா வாயைத் திறக்கல. ஊர் கபடிப் போட்டி மேடையில நான் மைக் வாங்கிப் பேசின அந்த 40 செகண்ட் வீடியோவை நீங்க எல்லாரும் பாத்தாச்சு. எனக்கே பதினோரு பேர் அனுப்பியிருக்கீங்க, ஏதோ அங்க இருந்தது நான் இல்லைங்கற மாதிரி. கமெண்ட்டையும் படிச்சேன். "கபடி ஆடுற பொண்ணு கபடிய மட்டும் பாக்கணும், அரசியல் எதுக்கு"ன்னு ஒரு அண்ணன் எழுதியிருக்கார். லைக் கொட்டுது. அதே அண்ணன் போன மாசம் என் படத்தை ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தார். "எங்க ஊர்ப் பொண்ணு"ன்னு போட்டு, பக்கத்துல ரெண்டு நெருப்பு.

அதான் விஷயம். கப்போட வந்தா நான் ஊர்ப் பொண்ணு. வாயைத் திறந்தா தெற்குத் தெருப் பொண்ணு.

ஊர் பேரை எழுதப் போறதில்லை. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், தெரியாதவங்க அங்க போய் சண்டை இழுக்க வேண்டாம். வீடியோவுல வராததை மட்டும் சொல்றேன். மாசி மகத்துக்கு மறுநாள் "மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி". பஸ் ஸ்டாண்ட் முக்குல ஃப்ளெக்ஸ், கையைக் கட்டிக்கிட்டு நான் நிக்கிற போட்டோ, கீழ "ஊரின் பெருமை". நம்ம தெருப் பசங்க சாயங்காலம் அஞ்சு மணிக்கே எண்ட்ரி ஃபீஸ் ஐநூறு ரூபாயோட போயிருக்காங்க. "லாட் எடுத்தாச்சு தம்பி, அடுத்த வருஷம் பாக்கலாம்"னு சொல்லியிருக்காங்க. சரி, யார் யாரோட மோதணும்கற சீட்டை எடுத்தாச்சுன்னா எடுத்தாச்சு. ராத்திரி ஒம்பதே காலுக்கு வேன்ல வந்து இறங்குன வெளியூர் டீமுக்கு மட்டும் அந்த லாட் எப்படித் திரும்பத் திறந்துச்சு?

எனக்குச் சால்வை போட்டாங்க. அதை மடியில வச்சுக்கிட்டு மேடையிலேர்ந்து பாக்கறேன். லைட் கம்பத்துக்குப் பின்னாடி, வெளிச்சம் முடியற எடத்துல ஏழு பேர் நிக்கிறாங்க. பெரியவன் கையில மஞ்சப் பை, பைக்குள்ள புது ஜெர்சி. சின்னவன் ஒருத்தன் முட்டிக்குப் போடற பட்டையை மாட்டிக்கிட்டே நிக்கிறான். திடீர்னு கூப்பிட்டா ரெடியா இருக்கணும்ல.

நான் மைக்கை வாங்கிச் சொன்னது இவ்வளவுதான்: "லைட்டுக்குப் பின்னாடி ஏழு தம்பிங்க நிக்கிறாங்க. அவங்களும் ஒரு மேட்ச் ஆடட்டும், அப்புறம் நான் பரிசு கொடுக்கறேன்." அதுக்கு மேல பேச ஆரம்பிச்சப்ப மைக் செத்துப்போச்சு. கரண்ட் போயிடுச்சாம். லைட்டெல்லாம் நல்லா எரிஞ்சுது.

கபடியில எதிர் டீம் பக்கம் பாடிப் போனா முப்பது செகண்டுல திரும்பிடணும். நான் 40 செகண்ட் எடுத்துக்கிட்டேன். அந்தத் தப்பை ஒத்துக்கறேன்.

இப்ப அந்த "அரசியல் எதுக்கு"க்கு வர்றேன். 2018 ஏப்ரல் ஞாபகம் இருக்கா? காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு தமிழ்நாடே கொதிச்சுக்கிட்டு இருந்தப்ப சேப்பாக்கத்துல ஐபிஎல். சென்னை டீம் கறுப்பு பேட்ஜ் குத்திக்கிட்டு ஆடணும்னு ரஜினிகாந்தே சொன்னார். 10ஆம் தேதி மேட்ச்ல கிரவுண்டுக்குள்ள செருப்பு வந்து விழுந்துச்சு, மிச்ச மேட்சை எல்லாம் புனேவுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அன்னிக்கு நம்ம ஊர் டீக்கடையில என்ன பேச்சு? "டெல்டா காயுது, தோனி ஒரு வார்த்தை பேசினா என்ன?" நானும்தான் கேட்டேன். இப்பவும் கேப்பேன். ஆனா பாருங்க, ராஞ்சியில பொறந்தவர் நம்ம தண்ணிக்குப் பேசணும், இங்கயே பொறந்தவ சொந்தத் தெருவுக்குப் பேசக்கூடாது. என்ன நியாயம்ங்க இது?

2017ல கதிராமங்கலத்துல குழாய் கசிஞ்சு வயல்ல எண்ணெய் நின்னப்ப நான் காலேஜ்ல இருந்தேன். பதிவு போட்டேன். ஊர் முழுக்க ஷேர் பண்ணீங்க. "தங்கச்சிக்கு என்ன தைரியம்"னீங்க. ஒருத்தர்கூட அன்னிக்கு கபடிய மட்டும் பாருன்னு சொல்லல. ஜல்லிக்கட்டுக்கு விளையாட்டுக்காரங்க ட்வீட் போட்டப்பவும் சொல்லல. அதெல்லாம் அரசியல் இல்லை போல. போராட்டம் பண்ணின மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட்டை 2023 மே 28ல டெல்லி ரோட்டுல போலீஸ் இழுத்துட்டுப் போனப்ப "போய் பிராக்டிஸ் பண்ணுங்கம்மா"ன்னவங்கதான், அடுத்த வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்ல 100 கிராம் எடை கூடி ஃபைனல் கைவிட்டுப் போனப்ப "நம்ம மகள்"னு அழுதாங்க. வெயிட் கூடினதுக்கு அழுவோம், அடி வாங்கினதுக்கு அழ மாட்டோம்.

"இது எண்ட்ரி பிரச்சினைம்மா, இதுல ஏன் சாதியைக் கொண்டு வர்றே?" இதை எழுதினவர் எனக்குப் பாடம் எடுத்த வாத்தியார். மரியாதையாவே சொல்றேன் சார். நான் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. வீடியோவைத் திரும்பப் பாருங்க. "ஏழு தம்பிங்க"ன்னுதான் சொன்னேன். உங்களுக்கு எப்படிங்க சார் புரிஞ்சுது?

ப்ளஸ் ஒன் படிக்கறப்ப ஒரு ஊருக்கு ஆடப் போனோம். ஜெயிச்சோம். கடைசி ரைடு நான்தான் போனேன், போனஸோட ரெண்டு பாயிண்ட். மேட்ச் முடிஞ்சு ஒரு வீட்டுத் திண்ணையில டீ கொடுத்தாங்க. எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர். எனக்கும் இன்னொருத்திக்கும் பேப்பர் கப். "டம்ளர் பத்தலைம்மா"ன்னாங்க அந்தம்மா, சிரிச்ச முகமாத்தான். அடுப்படி ஜன்னல் திண்ணையைப் பாத்து இருந்துச்சு. உள்ள கவுத்து வச்ச டம்ளர் வரிசையா தெரிஞ்சுது. ஆறு. எண்ணினேன். டீ நல்ல டீ. ஏலக்காய் போட்டது.

பால்வங்கர் பாலுன்னு ஒரு தலித் கிரிக்கெட் பவுலர் இருந்தார். 1911ல இந்திய டீமோட இங்கிலாந்து போய் 100 விக்கெட்டுக்கு மேல எடுத்தவர். புனேயில கிளப்புக்கு ஆடறப்ப அவருக்கு டீ பெவிலியனுக்கு வெளிய, தனியா, குடிச்சுட்டுப் போடற மண் கோப்பையில. படிச்சப்ப எனக்கு ஆச்சரியமே வரல. மண்ணு போய் பேப்பர் வந்திருக்கு, அவ்வளவுதான்.

அடுத்து ஒரு தம்பி: "அமெரிக்கக் கறுப்பர் கதையெல்லாம் இங்க எதுக்கு?" போன வருஷம் மெக்சிகோ ஒலிம்பிக் படத்தைப் போட்டதுக்கு இப்ப வந்து கேக்கறான். அமெரிக்க ஓட்டக்காரங்க டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் இனவெறியை எதிர்த்து பதக்க மேடையில கறுப்புக் கையுறை போட்ட கையைத் தூக்கினது 1968 அக்டோபர் 16. அதுலேர்ந்து ரெண்டு மாசம் ஒம்பது நாள் கழிச்சு, டிசம்பர் 25 ராத்திரி, கீழவெண்மணி. கூலி அரைப்படி நெல்லு கூடக் கேட்டவங்களோட சனம், ஒரே குடிசைக்குள்ள 44 பேரை எரிச்சாங்க. எங்க அப்பாயி அன்னிக்கும் விடிஞ்சு நடவுக்குத்தான் போச்சாம். நடவுல யாரும் பாட்டுப் படிக்கலன்னு மட்டும் சொல்லும், வேற எதுவும் சொல்லாது. அந்த வருஷம் அமெரிக்காவுக்கு மட்டும் வரல தம்பி. வெண்மணிக்கு பஸ் இருக்கு, ஒரு நாள் போய்ட்டு வா.

அந்தப் படத்துல மூணாவதா ஒரு வெள்ளைக்காரர் நிப்பார். பீட்டர் நார்மன், ஆஸ்திரேலியா, வெள்ளிப் பதக்கம். கையைத் தூக்கல. அவங்க குத்தியிருந்த மனித உரிமை பேட்ஜ் மாதிரி ஒண்ணை மட்டும் வாங்கி நெஞ்சுல குத்திக்கிட்டு நின்னார். 2006ல அவர் செத்தப்ப சவப்பெட்டியைத் தூக்கினவங்க ஸ்மித்தும் கார்லோஸும். அன்னிக்கு மேடையில என்னோட எட்டு பேர் உக்காந்திருந்தாங்க. எட்டு பேரும் செல்போனைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

இப்ப என் தலைமுடி விஷயம். இதுக்கு ஏன் பதில் சொல்லணும்னுதான் இருந்துச்சு, ஆனா பாதி கமெண்ட் இதுதான். "முதல்ல பொண்ணு மாதிரி இரு", "இது ஆணா பெண்ணா", கூடவே சிரிப்பு பொம்மை. வேர்வையில நனைஞ்சு கண்ணுல விழுது, அதனால வெட்டினேன். போதுமா? பக்கத்து மாவட்டம், கத்தக்குறிச்சி. சாந்தி அக்கா 2006ல தோஹா ஆசியப் போட்டியில 800 மீட்டர் ஓட்டத்துல வெள்ளி வாங்கினாங்க. ஆணா பெண்ணான்னு ஒரு டெஸ்ட்டைப் பண்ணி அதைப் பிடுங்கினாங்க. அப்புறம் செங்கல் சூளையில வேலை பாத்தாங்க. பதக்கம் பறிபோற வரைக்கும் அவங்க ஓடினாங்க, அவ்வளவுதான். கபடிய மட்டும் பாருங்கறீங்களே, ஓட்டத்தை மட்டும் பாத்த அவங்களுக்கு என்ன கிடைச்சுது? (பொண்ணுங்க கபடி லீக்கை 2016ல மூணு டீம் வச்சு நடத்தி அப்படியே விட்டாங்களே, அதை இன்னொரு நாள் புலம்பறேன்.)

"கோட்டாவுல வேலை வாங்கிட்டு நன்றியில்லாம..." ஸ்போர்ட்ஸ் கோட்டாங்க அது. வலது முட்டியில தையல் போட்டிருக்கு, வந்து எண்ணிப் பாத்துக்கோங்க.

2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல ஆசிய இளையோர் போட்டியில நம்ம கபடிப் பசங்க தங்கம் வாங்கினாங்க. கண்ணகி நகர் கார்த்திகா, வடுவூர் அபினேஷ். கண்ணகி நகர்ங்கறது சென்னைக் குடிசைகளைக் காலி பண்ணி சனங்களைக் குடியேத்தின எடம். அந்தப் பொண்ணு பேரோட அந்த எடத்துப் பேர் ஒட்டிக்கிட்டே வந்துச்சு, எல்லாரும் கை தட்டினோம். என் ஃப்ளெக்ஸ்ல என் தெருப் பேர் வரல. போடச் சொன்னா போட்டிருப்பாங்களா?

கோச் சார் ராத்திரி போன் பண்ணினார். திட்டல. திட்டியிருந்தா பரவாயில்லை. "உன்னால பேச முடியுது, பேசிட்டு நீ சென்னைக்கு பஸ் ஏறிட்டே. இனிமே சுத்துப்பட்டுல எவன்மா அந்தப் பசங்களுக்கு எண்ட்ரி கொடுப்பான்?" இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. மத்த எல்லாத்துக்கும் நாலு நாளா மனசுக்குள்ள பதில் எழுதி வச்சிருந்தேன், இது ஒண்ணுக்கு இல்லை. பேசாம இருந்திருந்தா மட்டும் அடுத்த வருஷம் கொடுத்திருப்பானான்னு கேட்டேன். சார் கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் "முட்டிக்கு ஐஸ் வை"ன்னு சொல்லிட்டு வச்சுட்டார்.

பிளாக் பண்றவங்க பண்ணிக்கோங்க. ஊர் டீம் கார்னர் ஆடற தம்பி ஒருத்தன் இன்பாக்ஸ்ல வந்து "அக்கா, எங்களுக்கும் தெரியும்க்கா"ன்னு மட்டும் போட்டிருக்கான். தெரியும்னு எனக்கும் தெரியும்டா.

மஞ்சப் பை பெரியவன் நேத்து கூப்பிட்டான். ஜெர்சி ஏழு செட்டு, செட்டு முந்நூத்தம்பது ரூபா, தெருவுல வசூல் பண்ணி எடுத்தது. இன்னும் ஒரு தடவைகூடப் போடல, கடையில திருப்பிக் கொடுத்தா காசு கொடுப்பாங்களாக்கான்னு கேட்டான்.

முதுகுல பேர் அடிச்சாச்சுல்ல, எடுக்க மாட்டாங்கடான்னு சொன்னேன்.