பூம்புகார் இல்லாத 1964 பட்டியல்

பழைய தமிழ்ப் படங்களைப் பற்றிப் பேசும் எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுதக் கூடாது என்று மூன்று நாள் பேசாமல் இருந்தேன். முடியவில்லை. அன்று வந்திருந்தவர்களுக்கு விஷயம் தெரியும், முழுக்கதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. 1964இன் சிறந்த பத்துப் படங்கள் என்று பலகையில் எழுதினார்கள். அதில் கண்ணகி கதையைச் சொல்லும் 'பூம்புகார்' இல்லை. ஏன் இல்லை என்று கேட்டேன். "அது படமில்ல அண்ணன், நாடகத்தக் கமராவால பிடிச்சு வச்சது. கண்ணகி கோயில் இருக்கிற ஊர் ஆக்களுக்குத்தான் அது பெரிசு" என்றார் ஒரு தம்பி. எல்லாரும் சிரித்தார்கள். என் பக்கத்துக் கதிரையில் இருந்தவரும் சிரித்தார். அவரும் என் ஊரான கிழக்கிலங்கைக் காரைதீவுதான்.

1964 சாதாரண வருடம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பொங்கலுக்கு ஒரே நாளில் 'கர்ணன்', 'வேட்டைக்காரன்'. தீபாவளிக்கு 'நவராத்திரி', 'முரடன் முத்து', 'படகோட்டி' மூன்றும். நடுவில் 'காதலிக்க நேரமில்லை', 'பச்சை விளக்கு', 'ஆண்டவன் கட்டளை', 'கை கொடுத்த தெய்வம்', 'புதிய பறவை'. வருடம் முடியும் நேரம் 'சர்வர் சுந்தரம்'. இதில் பத்தைப் பொறுக்கினால் நல்ல படம் ஒன்றிரண்டு வெளியில் நிற்கத்தான் செய்யும். இடமில்லை என்று சொல்லியிருந்தால் பேசாமல் எழும்பி வந்திருப்பேன். "நாடகம்" என்று சொல்லித் தள்ளியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நாடகம் என்பது எப்போதிருந்து நமக்குக் குறையானது? வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் ஆடிய மண் இது. விடிய விடியக் கூத்துக் களரியைச் சுற்றி உட்கார்ந்து, கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தில் கைவைத்ததும் நிமிர்ந்து பார்த்த ஆட்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். பட்டியலில் இருக்கிற 'நவராத்திரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். சிவாஜியின் நூறாவது படம், ஒன்பது வேடம். அதில் சிவாஜியும் சாவித்திரியும் ஆடும் தெருக்கூத்தைப் பற்றி அந்தத் தம்பியே அன்று ஐந்து நிமிடம் புகழ்ந்தார். 'கர்ண'னில் சபையில் நின்று பேசும் பேச்செல்லாம் வசனம் இல்லாமல் வேறென்ன? அங்கே இனிக்கும் வசனம் 'பூம்புகா'ரில் மட்டும் ஏன் கசக்கிறது? எனக்கு விளங்கவில்லை. உண்மையாகத்தான் கேட்கிறேன், யாராவது சொல்லுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படம் என்று ஒருவர் சொன்னார். 'சர்வர் சுந்தர'மும் கறுப்பு வெள்ளைதான். விடுங்கள்.

வசூலைப் பார்த்துத்தான் இடம் கொடுக்க வேண்டும் என்று சொன்னவருக்கு ஒரு வார்த்தை. 'கர்ணன்' வந்த காலத்தில் எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. 2012இல் புதுப்பித்துத் திரும்ப வெளியிட்டபோதுதான் கொண்டாடினார்கள். வசூல்தான் அளவுகோல் என்றால் 1964 கணக்கில் 'கர்ண'னுக்கு என்ன இடம் கொடுப்பீர்கள்?

அடுத்து வரும் கேள்வியும் தெரியும். கருணாநிதி எழுதிய படத்தையா தூக்கிப் பிடிக்கிறாய் என்பீர்கள். அவர் முதலமைச்சராக இருந்தபோது ஈழப்போர் முடிந்த 2009ஐப் பற்றி என்னிடம் பேச வேண்டாம். அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது, இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியும் இருக்கிறேன். ஆனால் 2009இன் கோபத்தை 1964இல் எடுத்த படத்தின் மேல் கொட்ட என்னால் முடியாது. அந்தப் படத்துக்குள் கண்ணகியாக விஜயகுமாரி இருக்கிறார், கோவலனாக எஸ்.எஸ்.ஆர். இருக்கிறார். 'காதலிக்க நேரமில்லை'யில் துள்ளித் திரிந்த அதே ராஜஸ்ரீ அதே வருடம் இங்கே மாதவியாக வந்து நிற்கிறார். 'ஔவையார்' வந்து பதினொரு வருடத்துக்குப் பிறகு கே.பி. சுந்தராம்பாள் கவுந்தியடிகளாக வருகிறார். "வாழ்க்கை என்னும் ஓடம்" என்று அவர் எடுக்கும் முதல் அடிக்கே இடம் கொடுக்கலாம். சுதர்சனத்தின் இசை அந்தக் குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும். இதெல்லாம் படம் இல்லையா?

இன்னொன்று. "கண்ணகி கோயில் இருக்கிற ஊர் ஆக்கள்" என்றாரே, ஆமாம், அந்த ஊர் ஆள்தான் நான். கண்ணகை அம்மனுக்குக் கதவு திறந்து, கல்யாணக் கால் நட்டு, கண்ணகி கதையான வழக்குரை பாடி, அம்மனின் கோபத்தைக் குளிர்விக்கும் குளுத்தியோடு சடங்கு முடிக்கும் ஊர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்காக உழைத்து, 1947இல் யாழ் நூலைத் தந்த விபுலானந்த அடிகள் பிறந்த ஊர். அந்தக் கதையைப் படமாகப் பார்த்து உருக எங்களுக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு?

நான் 'பூம்புகார்' பார்த்தது 1992 வைகாசியில், சடங்கு முடிந்த மறு கிழமை. சொந்தக்காரர் வீட்டு முற்றத்தில் வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் போட்டு, படங்கு விரித்து உட்கார்ந்தோம். அன்றைக்கு மூன்று படம், இது இரண்டாவது. டேப் தேய்ந்துபோய், படத்தின் மேல் கோடு கோடாக ஓடியது. முதல் படம் முடியும்போதே பிள்ளைகள் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். என் அம்மம்மா மட்டும் காலை மடக்கி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கோயிலில் வழக்குரை கேட்பது போலவே உட்கார்ந்திருந்தார்.

விஜயகுமாரி விரித்த தலைமுடியோடு பாண்டியன் சபைக்கு வந்தார். சிலம்பை உடைத்தார். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். வழக்குரையில் நூறு தடவை கேட்ட இடம்தான். ஆனாலும் முற்றத்தில் ஒரு சத்தமில்லை, பின்வளவில் ஓடிய ஜெனரேட்டர் மட்டும். அம்மம்மா கை இரண்டையும் தலைக்கு மேல் கூப்பினார். பக்கத்தில் இருந்த கிழவிகளும் கூப்பினார்கள்.

படம் முடிந்ததும் மூன்றாவது கசட்டை மாற்றப் போனார்கள். அம்மம்மா விடவில்லை. "பொறு மனே, அம்மாள் எரிவோட நிக்கா. ஆத்தாம மத்தப் படம் போடப்படாது." வீட்டுக்குள் போய்ச் செம்பில் தண்ணீரும் ஒரு கொத்து வேப்பிலையும் எடுத்து வந்தார். டிவிக்கு முன்னால் மண்ணில் மூன்று தரம் தெளித்தார். குளுத்திப் பாட்டில் தனக்குத் தெரிந்த நாலு வரியை மெல்லப் பாடினார். டெக் கொண்டுவந்த பெடியன், அந்த டெக்கும் டிவியும் தவிர வேறு சொத்தில்லாதவன், தண்ணீர் பட்டுவிடும் என்று பயந்து டிவியைப் பின்னுக்கு இழுத்தானே தவிர அவனும் சிரிக்கவில்லை.

அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால், 1990 ஆனியில், என் சின்ன மாமா வீட்டிலிருந்து போனார். இன்றுவரை வரவில்லை. அம்மம்மா அவர் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு ஏறாத வாசல் இல்லை. எத்தனை வாசலில் வெயிலில் நின்றார் என்று எங்களுக்குக் கணக்குத் தெரியாது. அன்று பாட்டை முடித்து, செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார்: "அவவுக்கு ராசா கதவத் திறந்தான் மனே."

அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது படம் ஓடியது. என்ன படம் என்று எனக்கு ஞாபகமில்லை.

அந்தப் படத்தைத்தான் சனிக்கிழமை "படமில்ல" என்றீர்கள். சொந்த உணர்ச்சியை வைத்துப் படத்தை மதிப்பிடக் கூடாது என்று இப்போது யாராவது எழுதுவார்கள். சரி, நீங்கள் எதை வைத்து மதிப்பிட்டீர்கள்? 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் இடத்தில் வயிறு வலிக்கச் சிரித்தேன், அதனால் முதலிடம் என்றீர்களே, சிரிப்பு உணர்ச்சி இல்லையா? நானும் அந்த இடத்தில் சிரிப்பவன்தான். உங்கள் சிரிப்பு ரசனை, என் அம்மம்மாவின் கும்பிடு கோயில் ஊர்ப் பழக்கம் என்று பிரிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

என் வரிசையையும் எழுதிவிடுகிறேன். முதலாவது 'பூம்புகார்'. அடுத்தது 'கர்ணன்'. மூன்றாவது 'சர்வர் சுந்தரம்'. நாலாவது 'புதிய பறவை', "எங்கே நிம்மதி" பாட்டு ஒன்றுக்காகவே. ஐந்தாவது 'படகோட்டி', வாலியின் பாட்டுகளை எங்கள் கரைவலைக்காரர் வாயால் கேட்டு வளர்ந்தவன் என்பதால். ஆறாவது 'காதலிக்க நேரமில்லை', ஏழாவது 'நவராத்திரி'. மிச்சம் மூன்றையும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், சண்டைக்கு வரமாட்டேன்.

வருகிற சனிக்கிழமை 1965 என்று சொல்லியிருக்கிறார்கள். வருவேன். ஆனால் அதைத் தொடங்குமுன் 1964 பலகையைத் திரும்ப எடுத்து வையுங்கள் தம்பி. நான் வந்துதான் எழும்பிக் கேட்பேன்.