கட்டுரையில் மாகாண சபை பற்றி ஒரே வாக்கியம்தானா?

இலங்கை ஜனாதிபதி அநுரவின் கொள்கைகளைத் தொகுத்து நீங்கள் கட்டுரை வெளியிட்டது நல்லது. ஆனால் பாதிக் கட்டுரை சர்வதேச நாணய நிதியத்துக்கே போய்விட்டது. அதில் பெரிய மாற்றம் வராது. அந்த நிதியத்தின் 290 கோடி டொலர் கடன் திட்டத்தை உதறிவிட்டு இப்போதைக்கு எந்த அரசும் நடக்க ஏலாது.

வடக்கில் இருக்கும் எங்களுக்கு வேண்டியது வேறு. 1979 பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம், மாகாண சபைத் தேர்தலை வைப்போம் என்று அநுர தரப்பினர் சொன்னார்கள். வடக்கு மாகாண சபையின் காலம் 2018 இலேயே முடிந்துவிட்டது, பிறகு ஆளுநர் ஆட்சிதான். இணைந்திருந்த வடக்கு, கிழக்கு மாகாணங்களைப் பிரிக்கச் சொல்லி 2006 இல் நீதிமன்றம் போனதும் அநுரவின் கட்சியான இதே ஜேவிபிதான் (கட்டுரையாளர் மறந்துவிட்டார் போல). அப்படியிருந்தும் யாழ்ப்பாணத்தில் சனம் அவர்களுக்கு வாக்குப் போட்டது. நாடாளுமன்றத்தின் 225 இல் 159 ஆசனம் அவர்கள் கையில். பெரும்பான்மை இல்லை என்ற சாட்டு இனி எடுபடாது. இவற்றுக்கான சட்டமூலம் எப்போது நாடாளுமன்றத்துக்கு வரும் என்று கேட்டு எழுதுங்கள்.