அரிசியோடு ஒரு காலைப் பொழுதும் கொடுங்கள்

தீபாவளி, நோன்புப் பெருநாள் வந்தால் அகதிக் குடும்பங்களுக்கு அரிசி, எண்ணெய், பிஸ்கட் டின் வாங்கிக் கொடுக்க கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நம்மவர்கள் நிறைய பேர் வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் செலாயாங் அடுக்குமாடியில் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருக்கும் ஒரு ரோஹிங்கியாப் பெண்ணுக்கு அந்த மூட்டையைவிட அவசரம், கிளினிக் கவுண்டர் வரை கூட வர ஓர் ஆள். மலாய் தெரிந்த, பொறுமை உள்ள ஓர் ஆள்.

மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. 1959/63 குடிநுழைவுச் சட்டத்தில் 'அகதி' என்று ஒரு வகையே கிடையாது. பாஸ் இல்லாத அந்நியர், அவ்வளவுதான். அவர்கள் கையில் இருப்பது ஐ.நா. அகதிகள் ஆணையம் (UNHCR) தரும் யூ.என். கார்டு மட்டும். அதை வைத்துச் சட்டப்படி வேலை செய்ய முடியாது, பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்க முடியாது. ஆனால் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் 50 விழுக்காடு கழிவு உண்டு. கார்டு காலாவதியாகியிருந்தால் முழுக் கட்டணம் கேட்கக்கூடும். அதனால் உதவப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது கார்டில் உள்ள தேதி.

கார்டே இல்லாதவர்கள் நிலை மோசம். ஆவணமில்லாதவர் சிகிச்சைக்கு வந்தால் போலீசுக்கும் குடிநுழைவுத் துறைக்கும் தகவல் கொடுக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சின் 10/2001 சுற்றறிக்கை சொல்கிறது. அந்தப் பயத்தில்தான் பல பெண்கள் பனிக்குடம் உடையும் வரை வீட்டிலேயே கிடக்கிறார்கள். பட்டர்வொர்த்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2018இல் தொடங்கிய கிளினிக், புடுவில் சூ சீ அறநிறுவனத்தின் கிளினிக் போன்ற இடங்களை முதலில் அணுகுங்கள்.

கர்ப்பகாலப் பரிசோதனைப் புத்தகம் இல்லாமல் பிரசவ அறைக்கு வருகிறவளின் இரத்த வகை என்ன, ஹீமோகுளோபின் எவ்வளவு, ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ், எச்.ஐ.வி. சோதனை செய்தாளா என்று டாக்டருக்குத் தெரியாது. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருப்பதை மூன்றாம் மாதத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் இரும்புச்சத்து மாத்திரை போதும். பிரசவ நாளில் கண்டுபிடித்தால் இரத்தம் ஏற்ற வேண்டிவரலாம், பில்லும் ஏறும். ஆகவே 12 வாரத்துக்குள் முதல் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். ஒரே பிளாஸ்டிக் கோப்பில் அசல் கார்டு, அதன் இரு பக்கமும் போட்டோஸ்டேட் ஐந்து, பரிசோதனைப் புத்தகம், அடுத்த வருகைக்கான சீட்டு எல்லாம் இருக்கட்டும். அந்தச் சீட்டு ரோட்டில் மறிக்கும் போலீசிடமும் பேசும்: இவள் மருத்துவமனைக்குத்தான் போகிறாள் என்று.

பில் கட்ட முடியாவிட்டால் வார்டிலிருந்து ஓடிப்போகச் சொல்லாதீர்கள். மருத்துவ சமூகப்பணிப் பிரிவு அதே மருத்துவமனையில்தான் இருக்கும். டிஸ்சார்ஜ் நாளில் போனால் தாமதம், அட்மிட் ஆன மறுநாளே போய்த் தவணை கேளுங்கள்.

இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்குத் துணை போகிறவர்கள் 'நமக்குத்தான் தமிழ் தெரியுமே' என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துப் பெண் 'சத்தி வருது' என்றால் வாந்தி. நம்மூர் நர்சுக்கு அது 'சக்தி' என்று காதில் விழும். 'குளிசை' என்றால் மாத்திரை. புரியாததைத் திருப்பிக் கேளுங்கள். கணவரையோ பத்து வயதுப் பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அவர்கள் முன்னால் அவள் சொல்லாமல் விடுவதுதான் பெரும்பாலும் முக்கியமானதாக இருக்கும்.

பெயரில் இன்னொரு சிக்கல். அவர்கள் தகப்பன் பெயரை முன்னால் போடுவார்கள்: கந்தையா சிவராசா. இங்கே கவுண்டரில் அது சிவராசா த/பெ கந்தையா ஆகும், சில சமயம் கந்தையாவே நோயாளி ஆகிவிடுவார். மருத்துவமனைப் பதிவு, யூ.என். கார்டு, பிறப்புச் சான்றிதழ் மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். பிறகு திருத்துவது பெரும்பாடு.

பிள்ளை பிறந்ததும் தேசியப் பதிவிலாகா. தீபகற்ப மலேசியாவில் 60 நாளுக்குள் பதிய வேண்டும்; தாண்டினால் தாமதப் பதிவு, கூடுதல் கேள்விகள். சான்றிதழில் 'குடியுரிமை இல்லாதவர்' என்றுதான் வரும். வந்தாலும் விடாதீர்கள்: பிள்ளை யாருடையது, எங்கே எப்போது பிறந்தது என்பதற்கு அதுதான் வலுவான ஆதாரம். சமூகப் பெரியவர்கள் முன்னிலையில் நடந்த திருமணத்துக்குச் சான்றிதழ் இருக்காது. பதிவாகாத திருமணம் என்றால் தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டால்தான் தகப்பன் பெயர் ஏறும். தாயை மட்டும் அனுப்பினால் அந்த இடம் காலியாகிவிடும். சான்றிதழ் கிடைத்தவுடன் யூ.என். அலுவலகத்தில் பிள்ளையைக் குடும்பக் கோப்பில் சேர்க்க விண்ணப்பியுங்கள்.

பால்மாவு டின் மட்டும் தானம் செய்யாதீர்கள், தயவுசெய்து. ஓர் அறையில் எட்டுப் பேர் இருக்கும் வீட்டில் புட்டியைக் கொதிக்க வைக்க வசதி இருக்காது. டின் தீரப்போகும்போது தண்ணீர் அதிகமாகக் கலப்பார்கள், அதற்குள் தாய்ப்பாலும் வற்றியிருக்கும். அந்தக் காசில் தாய்க்கு முட்டையும் மீனும் வாங்கிக் கொடுங்கள்.

வீட்டில் தங்கவைப்பதும் வேலைக்கு வைப்பதும் வேறு விஷயம். பாஸ் இல்லாதவரை வேலைக்கு வைப்பதும் அடைக்கலம் கொடுப்பதும் குற்றம் என்று சொல்லும் குடிநுழைவுச் சட்டத்தின் 55பி, 56(1)(டி) பிரிவுகள் இருக்கின்றன. வழக்கறிஞரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

கைது நடந்தால் நேரம்தான் எல்லாம். குடிமகனை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபட்ட வெளிநாட்டவரை அப்படி நிறுத்த அரசியலமைப்பே அதிகாரிகளுக்கு 14 நாள் அவகாசம் தருகிறது. ஜூரு, புக்கிட் ஜாலில் போன்ற தடுப்பு முகாம்களுக்குள் 2019 ஆகஸ்டிலிருந்து யூ.என். அதிகாரிகளுக்கே அனுமதி இல்லாமல் போனது. உள்ளே போனவரைத் தேடுவது அவ்வளவு கடினம். ஆகவே முகாமுக்கு மாற்றும் முன்பே, போலீஸ் நிலையத்தில் இருக்கும்போதே யூ.என். அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் கேட்பது நான்கு: கார்டில் உள்ளபடி பெயர், கார்டு எண், பிடித்த தேதி, எந்த நிலையம். முதல் இரண்டையும் இன்றே ஒரு தாளில் எழுதி வீட்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால், ஆளைப் பிடிக்கும்போது அதுவும் கூடவே போய்விடும்.